ஒயரைப் பிடுங்கியது சரி, இனி என்ன செய்வது?

கேள்வி:

மதிப்பிற்குரிய ஐயா, நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. வீட்டில் ஒரு விண்டோஸ் மேசைக் கணினி வைத்திருக்கிறேன். போன மாதம் ஒரு பிடிஎஃப் கோப்பை வேர்டாக மாற்ற வேண்டியிருந்தது. கூகுளில் தேடி, முதலில் வந்த இலவச மென்பொருளை இறக்கிக்கொண்டேன். அன்றிலிருந்து பிரவுசரைத் திறந்தால் ஏதோ புதுத் தேடல் பக்கம் வருகிறது. மூலையில் விளம்பரம் மேல் விளம்பரமாக எட்டிப் பார்க்கிறது. போன வாரம் திரை முழுக்கச் சிவப்பாகி, "உங்கள் கணினியில் ஸ்பைவேர் இருக்கிறது, உடனே இந்த எண்ணை அழையுங்கள்" என்று சைரன் சத்தத்தோடு வந்தது. பயந்துபோய் அழைத்துவிட்டேன். பேசியவர் மிகவும் மரியாதையாகப் பேசினார். அவர் சொன்னபடி ஒன்றை இன்ஸ்டால் செய்தேன். அப்புறம் மவுஸ் அம்புக்குறி தானாக நகர ஆரம்பித்தது. ஏதோ ஒரு பட்டியலைத் திறந்து, "பாருங்கள், எத்தனை பிழைகள்" என்று காட்டினார். வங்கிக் கணக்கைத் திறக்கச் சொன்னதும் எனக்குத் திக்கென்றது. ஒயரைப் பிடுங்கிவிட்டேன். அதற்குப் பிறகு கணினியைத் தொடவே இல்லை.

"உன் கணினியில எடுக்க என்னம்மா இருக்கு, விடு" என்கிறான் மகன். எனக்குத் தூக்கம் வரவில்லை. ஸ்பைவேர் என்பது என்ன? கேமரா வழியாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்களா? இன்டர்நெட்டே வேண்டாம் என்று விட்டுவிடலாமா? இன்னொன்று. எனக்கு ஒரு தோழி. அவள் யாரோடு பேசினாள், எங்கே போனாள் என்பதெல்லாம் அவள் கணவருக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது. அதுவும் இந்த ஸ்பைவேர்தானா?

– ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

ஒயரைப் பிடுங்கினீர்களே, அதுதான் சரி. அந்த நேரத்தில் நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். மறுமுனையில் இருந்தவரின் கை உங்கள் கணினிக்குள் இருந்தது இணையத் தொடர்பு இருந்தவரைதான். மின்சாரம் போனதும் அந்தக் கை அறுந்துவிட்டது. ஆனால் அவர் வைத்துவிட்டுப் போனது இன்னும் உள்ளே இருக்கிறது. அதனால் கணினியை இப்போதைக்கு இயக்காதீர்கள். உங்கள் கேள்விகளுக்கு வருவதற்கு முன்னால், இன்றைக்கே செய்ய வேண்டிய சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

வேறொரு கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கைபேசியோ மகனின் மடிக்கணினியோ போதும். முதலில் மின்னஞ்சலின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். எல்லாரும் வங்கிக்குத்தான் முதலில் ஓடுவார்கள். ஆனால் வங்கி, ஷாப்பிங், சமூக ஊடகம் என்று எதில் "பாஸ்வேர்ட் மறந்துவிட்டது" என்று அழுத்தினாலும், பெரும்பாலும் அதற்கான லிங்க் வந்து விழுவது மின்னஞ்சலில்தான். அது ஒருவர் கையில் இருந்தால் மற்ற எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் திறந்துவிடலாம். பாஸ்வேர்டை மாற்றியதும், "எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு" என்ற வசதி செட்டிங்ஸில் இருக்கும். அதையும் அழுத்துங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். அப்புறம் பலரும் பார்க்காமல் விடுகிற ஒரு இடம் உண்டு: மின்னஞ்சல் செட்டிங்ஸில் ஃபார்வர்டிங், ஃபில்டர் என்ற பகுதிகள். "வங்கியிலிருந்து வரும் கடிதங்களை இந்த முகவரிக்கு அனுப்பு, இங்கே அழித்துவிடு" என்று ஒரு விதியை எழுதி வைத்துவிட்டால், நீங்கள் பாஸ்வேர்டை மாற்றிய பிறகும் அது பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கும். உங்களுக்குத் தெரியாத விதி எது இருந்தாலும் அழித்துவிடுங்கள். கணக்கை மீட்பதற்காகக் கொடுத்திருக்கும் தொலைபேசி எண்ணும் மாற்று மின்னஞ்சலும் உங்களுடையவைதானா என்று பாருங்கள்.

அடுத்து வங்கி. உங்கள் அட்டையின் பின்புறம் அச்சாகியிருக்கும் எண்ணுக்கு அழையுங்கள். கூகுளில் தேடி எடுத்த எண் வேண்டாம். வங்கி உதவி மையம் என்ற பெயரிலேயே போலி எண்களைப் பரப்பி வைத்திருக்கிறார்கள். "ஒருவர் தொலைவிலிருந்து என் கணினியை இயக்கினார்" என்று அப்படியே சொல்லுங்கள். பணம் போகவில்லை என்றாலும் சொல்லுங்கள். வங்கிக்காரர்களுக்கு அந்த ஒரு வாக்கியம் போதும், என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை. உங்களிடம் பேசியவருக்கு இதுவே முழுநேரத் தொழில். நாள் முழுக்க இதே பேச்சைப் பேசிப் பழகியவர். நீங்கள் வாழ்க்கையில் முதல் முறையாக அதைக் கேட்டவர்.

இனி, உங்கள் கணினியில் என்னதான் நடந்தது என்று பார்க்கலாம். நீங்கள் எல்லாவற்றையும் ஒரே நோயாக நினைத்துப் பயந்துவிட்டீர்கள். அங்கே நடந்தவை மூன்று.

முதலாவது அந்தப் பிடிஎஃப் மாற்றி. தேடலில் முதலில் வந்தது என்கிறீர்கள். தேடல் முடிவுகளின் உச்சியில் வருவது பல நேரம் பணம் கட்டி வைத்த விளம்பரம். பெயர் பெற்ற மென்பொருள்களின் பக்கத்தைப் போலவே போலிப் பக்கம் கட்டி, அதற்கு விளம்பரமும் கொடுக்கிறார்கள். இன்ஸ்டால் செய்யும்போது "நெக்ஸ்ட், நெக்ஸ்ட்" என்று வேகமாக அழுத்திக்கொண்டே போயிருப்பீர்கள். அந்தப் பக்கங்களில் ஏதோ ஒன்றில் சின்ன எழுத்தில், "இந்தத் தேடல் பக்கத்தையும் சேர்த்துக்கொள்க" என்று ஏற்கெனவே டிக் அடித்த ஒரு கட்டம் இருந்திருக்கும். இந்தத் தந்திரம் புதிதல்ல. 2000-களின் தொடக்கத்தில் கேட்டர் என்று ஒரு இலவச மென்பொருள் இருந்தது. பாஸ்வேர்டுகளை நினைவில் வைத்துக்கொள்ளும், படிவங்களைத் தானே நிரப்பும். நல்ல வசதி. ஆனால் பின்னணியில், நீங்கள் எந்தெந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பதைக் கவனித்து அதற்கேற்ப விளம்பரம் காட்டியது. கசா என்ற கோப்புப் பகிர்வு மென்பொருளை இறக்கியவர்களின் கணினிக்குள் கூடவே ஒட்டிக்கொண்டு வந்தது. கேட்டால், "நிபந்தனைகளில் எழுதியிருந்தோம், நீங்கள் சம்மதித்தீர்கள்" என்பார்கள். உங்கள் பிரவுசரில் உட்கார்ந்திருப்பது அந்தக் குடும்பத்தின் இன்றைய வாரிசு.

இரண்டாவது, அந்தச் சிவப்புத் திரை. அது ஒரு சாதாரண இணையப் பக்கம், அவ்வளவுதான். ஒரு இணையப் பக்கத்தால் உங்கள் கணினியின் உள்ளே இருக்கும் கோப்புகளை அலசி, வைரஸ் இருக்கிறதா என்று சொல்லவே முடியாது. பிரவுசர் அதற்கு இடம் கொடுக்காது. ஆகவே கணினியை ஸ்கேன் செய்துவிட்டதாகச் சொல்லும் எந்த இணையப் பக்கமும் பொய் சொல்கிறது. சைரன் சத்தம் உங்களை யோசிக்க விடாமல் செய்யத்தான். உண்மையான ஆன்டிவைரஸ் எதுவும் தொலைபேசி எண்ணைக் கொடுத்து "அழையுங்கள்" என்று சொல்லாது. அடுத்த முறை வந்தால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பிரவுசரைத் தேர்ந்தெடுத்து "எண்ட் டாஸ்க்" கொடுத்தால் போய்விடும். மறுபடி திறக்கும்போது "பழைய பக்கங்களை மீட்கவா?" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

மூலையில் எட்டிப் பார்க்கும் விளம்பரங்கள் பெரும்பாலும் நோட்டிஃபிகேஷன்கள். எப்போதோ ஒரு தளம், "நீங்கள் ரோபோ இல்லை என்று உறுதிசெய்ய 'அனுமதி' என்பதை அழுத்தவும்" என்று காட்டியிருக்கும். அழுத்தியிருப்பீர்கள். உண்மையில் நீங்கள் கொடுத்தது, அந்தத் தளம் எப்போது வேண்டுமானாலும் உங்கள் திரையில் அறிவிப்பு காட்டலாம் என்ற அனுமதி.

மூன்றாவதுதான் விஷயம். தொலைபேசியில் பேசியவர் இன்ஸ்டால் செய்யச் சொன்னது தொலைவிலிருந்து கணினியை இயக்கும் மென்பொருள். அந்த வகை மென்பொருள்கள் நேர்மையானவைதான். அலுவலகங்களில் தினமும் பயன்படுத்துகிறார்கள். அதனாலேயே ஆன்டிவைரஸ் பெரும்பாலும் அதைத் தடுப்பதில்லை. அவர் காட்டிய பிழைப் பட்டியல் ஈவென்ட் வியூவர் என்ற விண்டோஸின் நாட்குறிப்பு. நேற்று வாங்கிய புத்தம்புதுக் கணினியில் திறந்தாலும் அதில் சிவப்பிலும் மஞ்சளிலும் வரிசையாகப் பிழைகள் இருக்கும். ஏதோ ஒரு சேவை தொடங்கச் சில நொடி தாமதமானால்கூட அங்கே பதிவாகும். அதைப் பார்த்துக் கலங்காதவர் அரிது. கலங்கிய நிமிடத்தில் வங்கியைத் திறக்கச் சொல்வார்கள். நீங்கள் அங்கேதான் விழித்துக்கொண்டீர்கள்.

கவனித்தீர்களா? மூன்றிலும் யாரும் கதவை உடைத்து வரவில்லை. மூன்று முறையும் ஒரு "சரி" அழுத்தப்பட்டது. முதல் முறை அவசரத்தில், இரண்டாவது முறை கவனிக்காமல், மூன்றாவது முறை பயத்தில். நான் சுத்தம் செய்கிற கணினிகளில் மிகப் பெரும்பாலானவற்றில் கதை இதுதான். அதனால்தான், எந்த ஆன்டிவைரஸ் நல்லது என்று கேட்பவர்களிடம், "எந்த நேரத்தில் 'சரி' அழுத்தினீர்கள்?" என்று நான் திருப்பிக் கேட்கிறேன்.

சரி, ஸ்பைவேர் என்பது என்ன? உங்களுக்குத் தெரியாமல் உங்களைப் பற்றிய தகவலைத் திரட்டி வேறொருவருக்கு அனுப்பும் எந்த மென்பொருளும் ஸ்பைவேர்தான். எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்று மட்டும் குறித்துக்கொள்பவை ஒரு ரகம். தட்டச்சு செய்யும் ஒவ்வொரு எழுத்தையும் பதிவு செய்பவை இன்னொரு ரகம், கீலாகர் என்பார்கள். சில நொடிக்கு ஒருமுறை திரையைப் படம் பிடிப்பவை உண்டு. 2007-இல் வெளிச்சத்துக்கு வந்த ஸூஸ் என்ற ட்ரோஜன் (நல்லது போல வேடமிட்டு உள்ளே வரும் மென்பொருள்) வங்கி விவரங்களைத் திருடுவதற்கென்றே உருவாக்கப்பட்டது. முகவரிப் பட்டையில் பூட்டுக்குறி இருந்தால் பாதுகாப்பு என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அந்தக் குறி சொல்வதெல்லாம், கணினிக்கும் தளத்துக்கும் இடையே போகும் தகவலை வழியில் யாரும் படிக்க முடியாது என்பதைத்தான். ஸூஸ் வழியில் நிற்கவில்லை. தகவல் குறியீடாக மாறுவதற்கு முன்பே, பிரவுசருக்கு உள்ளேயே இருந்து அள்ளிக்கொண்டது. போதாததற்கு, போலித் தளங்களும் இன்று பூட்டுக்குறியோடுதான் வருகின்றன.

இப்போது அதிகம் பார்ப்பது வேறொரு வகை. கணினிக்குள் வந்த சில நிமிடங்களில் பிரவுசரில் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளையும் குக்கிகளையும் ஒட்டுமொத்தமாக வாரி எடுத்து அனுப்பிவிடும். சில, வேலை முடிந்ததும் தன்னையே அழித்துக்கொள்ளும். பிறகு எத்தனை ஸ்கேன் செய்தாலும் ஒன்றும் கிடைக்காது. குக்கி என்பது தன்னளவில் கெட்டதல்ல; நீங்கள் ஒருமுறை உள்நுழைந்தால் மறுபடி பாஸ்வேர்ட் கேட்காமல் இருப்பது அதனால்தான். ஆனால் அந்தக் குக்கியைத் திருடியவர் தன் கணினியில் வைத்துக்கொண்டால், தளம் அவரை நீங்கள் என்றே நம்பிவிடலாம். பாஸ்வேர்டும் கேட்காது, ஓடிபியும் கேட்காது. அதற்காகத்தான் எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறச் சொன்னேன். அப்படிச் செய்தால் பழைய குக்கிகள் செல்லாமல் போய்விடும்.

"எடுக்க என்ன இருக்கு" என்று கேட்ட உங்கள் மகனிடம் இதைச் சொல்லுங்கள்: இவர்கள் உங்கள் கணினியைத் தேர்ந்தெடுத்து வரவில்லை. வலை வீசுகிறார்கள், சிக்கியதை எல்லாம் எடுக்கிறார்கள். உங்கள் பெயரில் இருக்கும் மின்னஞ்சலிலிருந்து உங்கள் பழைய மாணவர்களுக்கு "அவசரமாகப் பணம் தேவை" என்று ஒரு கடிதம் போனால் எத்தனை பேர் அனுப்புவார்கள்? உங்கள் மீது மற்றவர்கள் வைத்திருக்கும் நம்பிக்கைதான் அந்தக் கணினியில் இருக்கும் பெரிய சொத்து.

பெரிய நிறுவனத்தின் பொருள் என்றால் பயமில்லை என்று நினைப்பதும் வேண்டாம். 2005-இல் சோனி பிஎம்ஜி விற்ற சில இசைத்தட்டுகளைக் கணினியில் போட்டால், திருட்டுப் பிரதி எடுப்பதைத் தடுக்கும் ஒரு மென்பொருள் சத்தமில்லாமல் உள்ளே போய் ஒளிந்துகொண்டது. மார்க் ருஸ்ஸினோவிச் என்ற பொறியாளர் தன் கணினியைச் சோதித்தபோது அதைக் கண்டுபிடித்து எழுதினார். காசு கொடுத்துக் கடையில் வாங்கிய தட்டு! பெயரின் முன்பகுதியில் ஒரு குறிப்பிட்ட அடையாளம் உள்ள எந்தக் கோப்பையும் அது மறைத்தது. அந்த மறைவிடத்தை வைரஸ் எழுதுபவர்களும் பயன்படுத்திக்கொண்டார்கள். கடைசியில் சோனி தட்டுகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. ஆன்டிவைரஸ் விற்ற அவாஸ்ட் நிறுவனமே, பயனர்களின் இணைய உலாவல் விவரங்களை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் வழியாக விற்றது. அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் அதற்காக 2024-இல் 1.65 கோடி டாலர் கட்ட வைத்தது. காவலுக்கு வைத்தவரையும் கவனிக்க வேண்டிய காலம் இது.

கேமரா பற்றிக் கேட்டிருந்தீர்கள். அப்படிப் பார்க்கும் மென்பொருள்கள் உண்டு. பிளாக்ஷேட்ஸ் என்று ஒன்று. வெறும் 40 டாலருக்கு விற்றார்கள். வாங்கியவர் அடுத்தவரின் கேமராவை இயக்கலாம், கோப்புகளைப் படிக்கலாம், தட்டச்சைப் பதிவு செய்யலாம். 5 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளுக்குள் அது புகுந்திருந்தது. 2014 மே மாதம் பல நாடுகளின் போலீசார் சேர்ந்து 90-க்கும் மேற்பட்டவர்களைக் கைது செய்தார்கள். ஆனால் உங்களிடம் வந்தவருக்கு உங்கள் முகம் தேவையில்லை, வங்கிப் பக்கம்தான் தேவை. கேமராவை மறைத்து வைப்பது நல்ல பழக்கம், வைத்துக்கொள்ளுங்கள். மைக்கை அப்படி மறைக்க முடியாது, ஆகவே மறைப்பதோடு நின்றுவிடாமல் கணினியைச் சுத்தம் செய்ய வேண்டும். கைபேசியில் இது கொஞ்சம் எளிது. ஆண்ட்ராய்டு 12-இலிருந்தும் ஐஃபோனில் ஐஓஎஸ் 14-இலிருந்தும், கேமராவோ மைக்கோ இயங்கினால் திரையின் மேல்பக்கம் ஒரு சின்னப் புள்ளி ஒளிரும். நீங்கள் எதையும் பயன்படுத்தாதபோது அது தெரிந்தால், எந்த ஆப் என்று பாருங்கள்.

செய்திகளில் பெகாசஸ் என்ற பெயர் அடிபடுகிறதே, அது எனக்கும் வருமா என்று பலர் கேட்கிறார்கள். இஸ்ரேலின் என்எஸ்ஓ நிறுவனம் அரசுகளுக்கு விற்கும் உளவு மென்பொருள் அது. 2016-இல் ஐக்கிய அரபு அமீரகத்தின் மனித உரிமை ஆர்வலர் அகமது மன்சூர், தனக்கு வந்த குறுஞ்செய்தி லிங்க்கைத் தொடாமல் ஆய்வாளர்களுக்கு அனுப்பியதால்தான் அது வெளியே தெரிந்தது. 2019-இல் வாட்ஸ்அப் அழைப்பு வழியாகச் சுமார் 1,400 பேரைக் குறிவைத்தார்கள். அழைப்பை எடுக்காவிட்டாலும் அது உள்ளே வரும். இங்கே நான் சொன்ன "சரி" என்ற கணக்கு செல்லாது என்பது உண்மைதான். அதற்கு எதிரான ஒரே சாதாரண ஆயுதம் அப்டேட். 2016-இல் ஆப்பிள் சில நாட்களிலேயே ஓட்டையை அடைத்து அப்டேட் வெளியிட்டது. பத்திரிகையாளர், வழக்கறிஞர், போராட்டக்காரர் என்றால் ஐஃபோனில் பல வசதிகளை முடக்கித் தாக்குதலைக் கடினமாக்கும் லாக்டவுன் மோட் போன்றவற்றைப் பார்க்க வேண்டும். உங்களுக்கும் எனக்கும் அந்தப் பயம் தேவையில்லை.

இனி கணினி. ஒரு அந்நியர் உள்ளே இருந்து இயக்கியிருக்கிறார் என்பதால், ஸ்கேன் செய்து சுத்தம் என்று நம்பி உட்காருவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். முழுதாக அழித்து விண்டோஸை மறுபடி போடுவதே நல்லது. மகன் உதவட்டும். முதலில் ரௌட்டரை அணைத்துவிட்டு, இணையம் இல்லாமல் கணினியை இயக்குங்கள். உங்கள் கடிதங்கள், படங்கள், பாடக் குறிப்புகள் இவற்றை மட்டும் ஒரு வெளி டிஸ்க்கில் நகலெடுங்கள். இறக்கி வைத்த மென்பொருள் கோப்பு எதையும் எடுக்காதீர்கள், அந்தப் பிடிஎஃப் மாற்றி கண்டிப்பாக வேண்டாம். பிறகு செட்டிங்ஸில் "ரீசெட் திஸ் பிசி" போய், எல்லாவற்றையும் நீக்கும்படி கொடுங்கள். நகலெடுத்த டிஸ்க்கைத் திருப்பிப் போடும்போது விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸால் ஒருமுறை ஸ்கேன் செய்யுங்கள். அதில் ஆஃப்லைன் ஸ்கேன் என்று ஒன்று உண்டு; விண்டோஸ் முழுதாக எழுந்துகொள்வதற்கு முன்பே தேடும் என்பதால், ஒளிந்துகொள்ளும் வகைகள் அதில் மாட்டும். கால் மணி நேரம் ஆகும். உங்களுடையது விண்டோஸ் 10 என்றால் ஒன்று: அதற்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. கணினி தாங்குமென்றால் இந்தச் சாக்கில் 11-க்கு மாறிவிடுங்கள்.

"ஸ்பைவேர் ரிமூவர்" என்று மட்டும் இணையத்தில் தேடாதீர்கள். ஸ்பைவேரை நீக்குவதாகச் சொல்லிக்கொண்டு ஸ்பைவேரையே கொடுப்பது இருபது ஆண்டுப் பழைய வியாபாரம். இன்னொரு எச்சரிக்கை: சில வாரம் கழித்து யாராவது அழைத்து, "உங்களை ஏமாற்றியவர்களைப் பிடித்துவிட்டோம், இழப்பீடு தருகிறோம்" என்பார்கள். ஏமாந்தவர்களின் எண்கள் அந்த வட்டாரத்தில் கை மாறுகின்றன. பேசாமல் வைத்துவிடுங்கள்.

இன்டர்நெட்டை விட்டுவிடலாமா என்கிறீர்கள். வேண்டவே வேண்டாம். கற்றுக்கொடுத்துப் பழகியவர் நீங்கள். படிக்கவும் எழுதவும் மாணவர்களோடு பேசவும் உங்களுக்கு அது வேண்டும். சில பழக்கங்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். மென்பொருளை அதை உருவாக்கியவரின் தளத்திலிருந்தோ அதிகாரப்பூர்வ ஸ்டோரிலிருந்தோ மட்டும் எடுங்கள். அதற்கு முன், இது தேவையா என்றும் பாருங்கள். வேர்டின் புதிய பதிப்புகளே பிடிஎஃப் கோப்பைத் திறந்து மாற்றிவிடும். நீங்கள் எதையும் இறக்கியிருக்கவே வேண்டாம். அன்றாட வேலைக்கு அட்மின் உரிமை (கணினியின் அமைப்பையே மாற்றும் அனுமதி) இல்லாத தனிக் கணக்கு ஒன்றை விண்டோஸில் உருவாக்கிக்கொள்ளுங்கள். மின்னஞ்சலுக்கும் வங்கிக்கும் இரண்டு அடுக்குச் சரிபார்ப்பை (பாஸ்வேர்டோடு ஓடிபி போன்ற இன்னொன்றையும் கேட்பது) இயக்குங்கள். பிரவுசரின் எக்ஸ்டென்ஷன்களை (அதோடு சேர்த்துக்கொள்ளும் கூடுதல் சிறு மென்பொருள்கள்) திறந்து, எதற்கென்று தெரியாததை நீக்குங்கள். நல்லதாக இருந்த எக்ஸ்டென்ஷன்கூட வேறொருவர் கைக்கு விற்கப்பட்டபின் கெட்டுப்போவது உண்டு. லட்சக்கணக்கானோர் பயன்படுத்திய தி கிரேட் சஸ்பெண்டரை அப்படித்தான் 2021-இல் கூகுள் முடக்கியது. பொது வைஃபை பற்றி அளவுக்கு மீறிப் பயமுறுத்துகிறார்கள். அப்டேட் செய்த கருவியில், முகவரியைச் சரிபார்த்துப் பயன்படுத்தினால் அதில் பெரிய ஆபத்து இல்லை.

இப்போது உங்கள் தோழி. கடிதத்தின் கடைசியில் இரண்டு வரியில் எழுதியிருந்தாலும், எனக்கு உங்கள் கணினியைவிட இதுதான் அதிகக் கவலை தருகிறது.

உங்களை ஏமாற்றியவர் எங்கோ இருக்கும் அந்நியர். தோழியின் விஷயத்தில், "சரி" என்பதை அவர் அழுத்தவே இல்லை. அவருடைய கைபேசியைக் கையில் எடுத்து, வேறொருவர் அழுத்தியிருக்கிறார். இந்த வகைக்கு ஸ்டாக்கர்வேர் என்று பெயர். கைபேசியைத் திறக்கும் பின்கோடு தெரிந்தவர் கையில் சில நிமிடங்கள் கைபேசி இருந்தால் போதும். "பிள்ளைகளின் பாதுகாப்புக்கு" என்று விளம்பரம் செய்து வெளிப்படையாகவே விற்கிறார்கள். செய்திகள், அழைப்புகள், இருப்பிடம், படங்கள் எல்லாம் இன்னொருவரின் திரைக்குப் போகும். இதில் திரட்டியதை அந்த நிறுவனங்களாலேயே காக்க முடியவில்லை. எம்ஸ்பை என்ற நிறுவனத்தின் தகவல்கள் 2015, 2018, 2024 என்று மூன்று முறை வெளியே கசிந்தன. ஸ்பைஃபோன் என்ற நிறுவனத்தை 2021-இல் ஃபெடரல் டிரேட் கமிஷன் இந்தத் தொழிலிலிருந்தே தடை செய்தது.

ஆனால் ஆப் ஏதும் இல்லாமலும் இது நடக்கலாம், அதுவே அதிகம் நடக்கிறது. வாட்ஸ்அப்பில் லிங்க்ட் டிவைசஸ் என்ற பகுதியில் கணவரின் கணினி இணைந்திருக்கலாம். ஒரே ஒரு முறை கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் போதும், அங்கே வரும் செய்தியெல்லாம் இங்கேயும் வரும். கூகுள் மேப்ஸில் இருப்பிடத்தைப் பகிரும் வசதி இயங்கிக்கொண்டிருக்கலாம். கைபேசியை முதலில் அமைத்துக் கொடுத்தவர் கணவராக இருந்தால், அதில் இருக்கும் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கின் பாஸ்வேர்ட் அவருக்குத் தெரிந்திருக்கும். படங்கள், தொடர்புகள், காலண்டர் எல்லாம் அங்கேயே போய்ச் சேரும்.

ஆப்தான் என்றால், திரையில் அதன் படம் இருக்காது. "சிஸ்டம் சர்வீஸ்" போன்ற ஒரு சாதுவான பெயரில் ஒளிந்திருக்கும். ஆண்ட்ராய்டில் பார்க்க வேண்டிய முதல் இடம் செட்டிங்ஸில் ஆக்ஸசிபிலிட்டி. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்காக, திரையில் இருப்பதைப் படிக்கவும் அவர்களுக்குப் பதிலாகத் தொடவும் ஆப்களுக்கு அனுமதி தரும் நல்ல வசதி அது. திரையில் இருப்பதையெல்லாம் படிக்கலாம் என்பதாலேயே வேவு பார்க்கும் ஆப்கள் முதலில் கேட்பதும் அதைத்தான். அங்கே தெரியாத பெயர் ஒன்று இயங்கிக்கொண்டிருந்தால் சந்தேகப்படலாம். அடுத்து டிவைஸ் அட்மின், நோட்டிஃபிகேஷன் அனுமதி பெற்ற ஆப்கள், வெளியிலிருந்து ஆப் நிறுவ அனுமதி பெற்றவை ஆகிய பகுதிகள். ப்ளே ஸ்டோரில் ஆப்களைச் சோதிக்கும் ப்ளே புரொடெக்ட் அணைக்கப்பட்டிருந்தால் அது ஒரு தடயம். ஐஃபோனாக இருந்தால் ஐஓஎஸ் 16-இலிருந்து சேஃப்டி செக் என்ற வசதி இருக்கிறது. யார் யாரோடு எதெது பகிரப்படுகிறது என்று ஒரே இடத்தில் காட்டும். யாராவது வந்துவிட்டால் சட்டென்று மூடிவிட அதிலேயே ஒரு பட்டனும் உண்டு. பேட்டரி சீக்கிரம் தீர்வதையும் போன் சூடாவதையும் வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். பழைய கைபேசி எல்லாமே அப்படித்தான்.

இவ்வளவு சொல்லிவிட்டு, உடனே எதையும் நீக்க வேண்டாம் என்றும் சொல்கிறேன். காரணம் இருக்கிறது. ஆப்பை நீக்கினால் மறுமுனையில் தகவல் நின்றுபோகும். கணவருக்கு அந்த நிமிடமே தெரிந்துவிடும். அதன் பிறகு வீட்டில் என்ன நடக்கும் என்பதை நீங்களோ நானோ இங்கிருந்து சொல்ல முடியாது, தோழிக்குத்தான் தெரியும். கணவர் கோபக்காரரா, கை நீட்டுகிறவரா என்பதைத் தோழியிடம் கேளுங்கள். ஆம் என்றால், பெண்களுக்கான உதவி அமைப்பு ஒன்றிடம் முதலில் பேசி, பாதுகாப்புக்கு ஒரு வழி செய்துகொண்டுதான் கைபேசியைத் தொட வேண்டும். அதுவரை அந்தக் கைபேசியைத் தோழி வழக்கம்போலவே பயன்படுத்தட்டும். உதவி தேடுவது, என்னைப் போன்ற ஆட்களிடம் கேட்பது, இதைப் பற்றிப் படிப்பது எல்லாம் கணவரின் கை படாத வேறொரு கருவியில். சந்தேகத்துக்குரியது ஏதாவது தெரிந்தால் இன்னொரு போனால் அந்தத் திரையைப் படம் எடுத்து வையுங்கள். பின்னால் புகார் கொடுக்க நேர்ந்தால் அதுதான் சாட்சி.

நீக்கலாம் என்ற நிலை வந்ததும், கைபேசியை ஃபேக்டரி ரீசெட் செய்துவிட்டு (எல்லாவற்றையும் அழித்துப் புதிது போல ஆக்குவது), பழைய பேக்கப்பை முழுதாக மீட்காமல், படங்களையும் தொடர்பு எண்களையும் மட்டும் ஏற்ற வேண்டும். புதிய பின்கோடு, புதிய மின்னஞ்சல் கணக்கு. கைரேகைப் பட்டியலில் தன்னுடையது தவிர வேறொரு விரல் பதிவாகியிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

இந்தப் பதிலைத் தோழிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடாதீர்கள். இது பற்றிப் போனிலும் பேச வேண்டாம். நேரில் பார்க்கும்போது, அவருடைய கைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டு, உங்கள் கைபேசியிலோ அச்செடுத்தோ காட்டுங்கள்.